சேலை 320, ஜாக்கெட்டுக் கூலி 350: வீட்டுத் துணிச் செலவைப் படிக்கறது எப்படி

போன தீவாளிக்கு முந்தின வாரம் சித்தி பொள்ளாச்சி போயி 320 ரூபாய்க்கு ஒரு பூனம் சேலை எடுத்துட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க, ஏன்னா எங்கம்மாதான் தைக்கறவங்க, கேரளா எல்லையில கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க வீட்டுத் திண்ணையில முப்பது வருஷமா தையல் மிஷின் ஓடுது. லைனிங் வெச்சு, கழுத்துக்குப் பைப்பிங் குடுத்து, முதுகுல நாடா வெச்சு வேணும்னாங்க. அம்மா 350 ஆகும்னு சொன்னதும் சித்திக்கு முகமே மாறிப்போச்சு. "என்னக்கா, சேலையே 320 தான், அதுல இருந்து வெட்டுற ஒரு துண்டுக்கு 350-ஆ?" அம்மா மிஷினை நிறுத்தக்கூட இல்ல. "சேலை தறியில ஓடுது, ஜாக்கெட்டு என் கையில ஓடுது"ன்னாங்க. கடைசியில 300-க்கு முடிஞ்சுது, அதையும் சித்தி பொங்கலுக்கு அப்புறம்தான் குடுத்தாங்க, அது வேற கதை.

எனக்கு இது ரெண்டு மூணு நாள் மண்டையில ஓடிட்டே இருந்துச்சு. துணி விலை தாறுமாறா ஏறிப்போச்சுன்னு நாமதான் சொல்றோம், ஆனா பீரோக் கதவைத் தொறந்தா துணி மேல விழுது, கட்டாத சேலை, ஒரு தடவை போட்ட சுடிதார், டேக் கிழிக்காத பனியன். சின்ன வயசுல எங்க வீட்டுல ஆணியில தொங்குனதை எல்லாம் சேத்தாலும் ஒரு சாக்கு நெறையாது. அப்ப துணிச் செலவு கூடுச்சா கொறைஞ்சுதா? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாதுங்க, ஏன்னா அது ஒரு கேள்வியே இல்ல, நாலு கேள்வி ஒண்ணா சுருட்டி வெச்சது. மொத்தமா எத்தனை ரூபாய் போகுது, வீட்டுச் செலவுல அது எத்தனை பங்கு, ஒரு துணியோட விலை என்ன, வருஷத்துக்கு எத்தனை துணி எடுக்கறோம். நாலும் ஒரே பக்கம் போகணும்னு கட்டாயமில்ல. பேப்பர்ல வர்ற செய்தியில இதுல எதையோ ஒண்ணைச் சொல்வாங்க, படிக்கற நாம வேற ஒண்ணைப் புரிஞ்சுக்குவோம்.

எங்க வீட்டுலயே பாக்கலாம். அப்பா அரிசி மில்லுல கணக்கெழுதுனவரு, வீட்டுக் கணக்கையும் விடமாட்டாரு. 1994 நோட்டுல வருஷச் செலவு கிட்டத்தட்ட 24,000, அதுல துணிமணிக்கு 2,400 போட்டிருக்காரு. பத்துல ஒரு பங்கு. போன வருஷம் நான் போட்ட கணக்குல வீட்டுச் செலவு 3 லட்சம் வந்துச்சு, துணிக்கு 18,000. ரூபாயாப் பாத்தா ஏழரை மடங்கு ஏறியிருக்குது, அம்மா தலையில கை வெச்சுட்டாங்க. பங்காப் பாத்தா நூத்துக்குப் பத்தா இருந்தது ஆறா எறங்கிருச்சு. இப்ப துணியை எண்ணிப் பாக்கலாம். 1994-ல நாலு பேருக்கும் சேத்து 17 உருப்படி, ஸ்கூல் யூனிஃபார்ம், அப்பாவோட ரெண்டு வேட்டி எல்லாம் சேத்துத்தான். போன வருஷம் எண்ணுனா 46. ஒரு உருப்படிக்குச் சராசரி அப்ப 141 ரூபாய், இப்ப 391. அதாவது ஒரு துணிக்குக் குடுக்கற காசு மூணு மடங்குகூட ஏறல, எண்ணிக்கை ரெண்டே முக்கால் மடங்கு ஏறியிருக்குது, அந்த ரெண்டையும் பெருக்குனா வர்றதுதான் ஏழரை மடங்கு. விலைவாசி மேல பாதிப் பழிதான் போடலாம், மீதி நாமளே கூட எடுத்த துணி.

இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்குது, சொல்லிடறேன். 1994-ல எங்க யூனிஃபார்ம், என் பாவாடை, தம்பியோட டவுசர் எல்லாமே அம்மா தெச்சது. அதுக்குக் கூலி யாரும் குடுக்கல, நோட்டுல ஒரு பைசா ஏறல. இப்ப எல்லாரும் ரெடிமேடு போடறோம், அந்த விலைக்குள்ள திருப்பூர்லயோ பெங்களூர்லயோ யாரோ தெச்ச கூலி ஒளிஞ்சிருக்குது. வீட்டுக்குள்ள ஓசியில நடந்த வேலை கடைக்குப் போனதும் செலவுன்னு பேரு வாங்கிக்குது. பழைய வருஷத்தையும் புது வருஷத்தையும் பக்கத்துல வெக்கறப்ப இதை மறந்துட்டா, அந்தக் காலத்துல எவ்ளோ சிக்கனமா இருந்தாங்கன்னு பெருமை பேச ஆரம்பிச்சிடுவோம். சிக்கனம் இல்லீங்க, அம்மா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மிஷின் மிதிச்சாங்க.

சரி, துணிச் செலவுன்னா அதுல என்னென்ன வரும்? உலக நாடுகள் பொதுவா வெச்சிருக்கற செலவு வகைப்பாடு ஒண்ணு இருக்குது, அதுல துணியும் செருப்பும் சேந்து ஒரு தலைப்பு. அதுக்குள்ள மீட்டர்ல எடுக்கற துணி, தெச்ச துணி, தொப்பி பெல்ட்டு மாதிரி சில்லறை, அதோட துணியை வெளுக்கறது, ரிப்பேர் பண்றது, வாடகைக்கு எடுக்கறது எல்லாம் வருது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கோட்டு வாடகைக்கு எடுக்கறாருல்ல, அதுவும் இதுதான். ஆனா நம்ம நாட்டுல வீடு வீடா வர்ற நுகர்வுச் செலவு சர்வேல துணி, படுக்கை விரிப்பு, செருப்பு ஒரு பக்கம் இருக்குது, தையக்காரங்களுக்குக் குடுக்கற கூலியும் சலவை, இஸ்திரிச் செலவும் சேவைகள்னு வேற பக்கத்துல உக்காந்திருக்குது, முடி வெட்டறதுக்குப் பக்கத்துல. அப்ப சித்தியோட 320 ஒரு தலைப்புல ஏறும், அம்மாவுக்குக் குடுத்த 300 இன்னொரு தலைப்புல ஏறும். கட்டுறப்ப ரெண்டும் ஒரே உடம்புல, கணக்குல ரெண்டும் ரெண்டு ஊர்ல. ஒரு நாட்டுக் கணக்கை இன்னொரு நாட்டுக் கணக்கோட ஒப்பிடற ஆளுங்க மொதல்ல இதைப் பாக்கணும். சோப்புத்தூளு, வாஷிங் மிஷின், தையல் மிஷின் எல்லாம் இதுல சேராது. நகையும் சேராது, அதைச் சேத்தா நம்ம ஊர்ல கணக்கே படுத்துரும்.

இப்ப அம்மாவோட அளவு நோட்டுக்கு வர்றேன், எனக்கு இந்த விஷயமே அதுலதான் புரிஞ்சுது. நீட்டு நோட்டு, அட்டை கிழிஞ்சு தடிமனான நூல் போட்டுத் தெச்சிருப்பாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் ஆளு பேரு, கீழ உசரம், மார்பு, இடுப்பு, கை நீளம், கை லூஸு, முன்கழுத்து, பின்கழுத்து, ஓரமா குண்டூசியில குத்துன சின்னத் துணித்துண்டு, யாரோட துணி எதுன்னு மாறிடக்கூடாதுன்னு. கடைசி வரியில கூலி. 1994-ல சாதா ஜாக்கெட்டுக்கு 12 ரூபாய். 2005-ல 35. 2015-ல லைனிங் வெச்சதுக்கு 130. இப்ப லைனிங்குக்கு 350. மொதல்ல நானு 12-ஐயும் 350-ஐயும் வெச்சு "முப்பது மடங்கும்மா"ன்னு குதிச்சேன். அம்மா நோட்டைப் புடுங்கி, "அது சாதா, இது லைனிங்கு, ரெண்டும் ஒண்ணாடி"ன்னாங்க. சாதா ஜாக்கெட்டு இன்னிக்கும் 180 தான். 12-ல இருந்து 180, பதினஞ்சு மடங்கு. விலை ஏத்தத்தை அளக்கற பெரிய ஆபீசுங்களும் இதைத்தான் பண்றாங்க, மாசாமாசம் அதே கடை, அதே மாதிரி துணி, அதே தரம்னு புடிச்சு வெச்சுட்டு விலை கேப்பாங்க, பொருள் மாறிட்டா ஏறுனது விலையா தரமான்னு பிரிச்சுப் பாக்கணும். எங்கம்மா அதை ஒரு அதட்டல்ல முடிச்சுட்டாங்க.

சேலைப் பக்கம் பாருங்க. 1994-ல சித்தி எடுத்த மாதிரி சாதா சிந்தெட்டிக் சேலை 120, 130-ன்னு அம்மாவுக்கு ஞாபகம். இப்ப 320. ரெண்டரை மடங்கு. சேலை ரெண்டரை, ஜாக்கெட்டுக் கூலி பதினஞ்சு. அன்னிக்கு ஒரு சேலை விலையில பத்து ஜாக்கெட்டு தெச்சுக்கலாம், இன்னிக்கு ரெண்டுகூட முடியல. காரணம் அம்மா சொன்னதுதான். பாலியஸ்டர் நூலு ஃபேக்டரியில டன் டன்னா வருது, விசைத்தறி வேகமா ஓடுது, முன்ன ஒரு ஆளு பாத்த தறி ஒண்ணுன்னா இப்ப பலது. ஒரு சேலைக்குள்ள இருக்கற மனுஷ நேரம் சுருங்கிட்டே வந்திருக்குது. டெரிலின்ங்கற பாலியஸ்டர் சட்டை போட்டா பணக்காரன்னு பாத்த காலம் ஒண்ணு இருந்துச்சு, இப்ப அதே மாதிரி துணிதான் சந்தையில கூவிக் கூவி விக்கற மலிவுத் துணி. ஆனா ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு அம்மாவுக்கு அன்னிக்கும் ரெண்டு மணி நேரம், இன்னிக்கும் ரெண்டு மணி நேரம், கரண்டு மிஷின் வந்ததுல கால்வலிதான் கொறைஞ்சுது. அந்த ரெண்டு மணி நேரத்துல வேற வேலைக்குப் போனா என்ன கூலி கிடைக்குமோ அதுக்கு ஏத்த மாதிரிதான் தையக்கூலி ஏறும். கேரளாவுல கூலி ஜாஸ்தின்னு எல்லாருக்கும் தெரியும், எங்கூர்ல ஜாக்கெட்டு தைக்கறதும் அதுக்கு வெளிய நிக்க முடியாதுல்ல. மிஷின் செய்யற பொருள் மலிவாகும், கை செய்யற சேவை ஏறும், துணியும் துணி சம்பந்தப்பட்ட சேவையும் ஒரே தலைப்புல கெடந்தா இந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கும். அதனால பிரிச்சுப் பாக்கணும்னு சொல்றேன்.

இப்ப நாட்டுக் கணக்கு. 2023-24 நுகர்வுச் செலவு சர்வேல கிராமத்துல ஒரு ஆளுக்கு மாசச் செலவு சராசரி 4,122 ரூபாய், டவுன்ல 6,996. கிராமத்துக் கணக்குல துணி, படுக்கை, செருப்பு மூணுக்கும் சேத்து 6.63 சதவீதம். பெருக்கிப் பாத்தா ஆளுக்கு மாசம் 273 ரூபாய் சொச்சம், வருஷத்துக்கு 3,280 கிட்ட வருது. அதே சர்வேல போக்குவரத்து 7.59, மருத்துவம் 6.83. அதாவது கிராமத்துல துணியைவிட ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸு பெட்ரோலுக்கும் கொஞ்சம் எச்சாப் போகுது. சாப்பாட்டுக்கு 47 சதவீதம் கிட்ட.

2011-12-ல இதே கிராமத்து மாசச் செலவு 1,430 தான் இருந்துச்சு. 1,430 எங்க, 4,122 எங்க, மூணு மடங்கு கிட்ட நல்லா வந்துட்டோம்னு தோணும். ஆனா 2023-24 செலவை 2011-12 விலையில மாத்திப் பாத்தா வெறும் 2,079. அதாவது நெசமா கூடுனது ஒண்ணரை மடங்குகூட இல்ல, மீதி விலைவாசி. இந்த மாத்தறதைத்தான் நிலையான விலையில பாக்கறதுன்னு சொல்றாங்க. துணிச் செலவுக்கும் இதே வேலை பண்ணணும், ஆனா பொது விலைவாசியை வெச்சு வகுக்கறதா, துணியோட விலை ஏத்தத்தை மட்டும் வெச்சு வகுக்கறதான்னு முடிவு பண்ணிக்கணும். பொதுவை வெச்சு வகுத்தா, துணிக்காக மத்ததுல எவ்ளோ விட்டுக்குடுத்தோம்னு தெரியும். துணி விலையை வெச்சு வகுத்தா, எவ்ளோ துணி வாங்குனோம்னு தெரியும். ரெண்டு விடையும் சரிதான், கேள்விதான் வேற.

பங்கு ஏன் எறங்குதுன்னு ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. எர்ன்ஸ்ட் எங்கல்னு ஜெர்மனிக்காரரு, சாக்ஸனி புள்ளிவிவர ஆபீஸ்ல இருந்தவரு, 1857-ல பெல்ஜியம் தொழிலாளிக் குடும்பங்களோட கணக்கை எல்லாம் வெச்சுட்டு, வருமானம் கூடக்கூட சாப்பாட்டுக்குப் போற பங்கு கொறையும்னு காமிச்சாரு. ரூபாய் கொறையும்னு சொல்லல, பங்கு. சோறு ஒரு அளவுக்கு மேல எறங்காது. துணிக்கு இது அப்படியே பொருந்தாதுங்க, கையில காசு புதுசா வர்றப்ப மொதல்ல துணிப் பங்கு ஏறக்கூடச் செய்யும், கிழிசலை மாத்தணும், விசேஷத்துக்கு நாலு பேரு முன்னாடி நிக்கணும், துணிங்கறது மானத்தோட ஒட்டுன செலவு. அப்புறம்தான் வாடகை, பள்ளிக்கூடம், மருந்து, போன் எல்லாம் வந்து துணியை ஓரமாத் தள்ளும். அமெரிக்காவுல நீளமான கணக்கு இருக்குது. 1901-ல சராசரிக் குடும்பத்துச் செலவுல துணிக்கு 14 சதவீதம், 2002-03-ல 4.2 சதவீதம். நூறு வருஷத்துல மூணுல ஒரு பங்குக்கும் கீழ. அவங்க கோவணம் கட்டிட்டுச் சுத்தறாங்கன்னு அர்த்தமில்ல, அவங்க பீரோ நம்மளைவிடப் பெருசு. வருமானம் வளந்துச்சு, துணி மலிவாச்சு, அப்புறம் தையலே கூலி கம்மியான நாடுகளுக்குப் போயிருச்சு. 2005 ஆரம்பத்துல பணக்கார நாடுங்க வெச்சிருந்த துணி இறக்குமதிக் கோட்டா முறை முடிவுக்கு வந்ததும் அது இன்னும் வேகமாச்சு. எங்கூர்ல இருந்து கெளம்புனா மதியச் சோத்துக்குத் திருப்பூர் போயிடலாம், அந்த 4.2-க்குள்ள அங்க தெச்ச பனியனும் கொஞ்சம் இருக்கும்.

அடுத்தது எனக்குப் புடிச்ச பகுதி, கேள்வியை எப்படிக் கேக்கறாங்கங்கறது. நம்ம வீட்டுல துணி மாசாமாசம் எடுக்கறதில்லைங்க. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கற தமிழ் வீடுகளுக்கு வருஷத்துல மூணு நாலு தடவைதான் துணிச் செலவு மேடு கட்டும். ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கறது, ஆவணியில ஓணம், அப்புறம் தீவாளி, நடுவுல யாராவது கல்யாணம். ஓணத்துக்கு எடுக்கறதை ஓணக்கோடின்னு சொல்வாங்க, நாங்களும் பழகிட்டோம், ஆனா உடுமலைப் பக்கம் இருந்து கட்டிக்குடுத்து வந்த எங்க அத்தை மொத வருஷம் "கோடி எடுத்தாச்சா"ன்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டதும் வெலவெலத்துப் போனாங்களாம், அவங்க ஊர்ல கோடி போடறதுன்னா எழவு வீட்டுக்குத்தான். அது கெடக்கட்டும். இப்ப சர்வேக்காரரு மார்ச் மாசம் வந்து "போன 30 நாள்ல துணிக்கு என்ன செலவு"ன்னு கேட்டா எங்க வீட்டு விடை சைபர். செப்டம்பர்ல வந்து கேட்டா 7,000. ரெண்டுமே நெசம், ரெண்டுமே எங்க வாழ்க்கையைக் காட்டாது. வருஷம் பூரா வேற வேற வீட்டுக்குப் போயி கேட்டா நாட்டுச் சராசரி ஓரளவு சரிக்கட்டிக்கும், ஆனா யாரு ஏழை யாரு வசதின்னு பிரிக்கறப்ப மார்ச்சுல கேட்ட வீடெல்லாம் ஏழையாத் தெரியும். அதனாலதான் இப்பத்தி சர்வேல துணி, செருப்பு, படுக்கை, படிப்புச் செலவு, பெரிய சாமான் எல்லாத்துக்கும் போன 365 நாள் கணக்கைக் கேக்கறாங்க, காய்கறி, மீனு, முட்டை, எண்ணெய்க்கு 7 நாளு, மீதிக்கு 30 நாளு. ஒரு வருஷக் கணக்குல வேற தொந்தரவு, மறதி. சந்தையில எடுத்த 60 ரூபாய் துண்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்? பட்டுச்சேலை மட்டும் சாகற வரைக்கும் மறக்காது.

இதை ஏன் இவ்ளோ இழுக்கறேன்னா, பழைய சர்வேயையும் புது சர்வேயையும் அப்படியே பக்கத்துல வெச்சு "துணிச் செலவு கூடிருச்சு"ன்னு சொல்றப்ப, கூடுனது செலவா இல்ல கேள்வியோட நீளமான்னு பாக்கணும். விலைவாசி ஏத்தத்தை அளக்கற சில்லறை விலைக் குறியீட்டுல துணிக்கும் செருப்புக்கும் குடுத்திருக்கற எடையவே எடுத்துக்கங்க. 2010-ஐ அடிப்படையா வெச்ச தொடர்ல 4.73-ஆ இருந்துச்சு, 2012-ஐ அடிப்படையா வெச்ச தொடர்ல 6.53 ஆச்சு, கிராமத்துக்கு மட்டும் 7.36. இந்தப் புது எடையை 2011-12 சர்வேல ஒரு வருஷ ஞாபகத்தைக் கேட்டு எடுத்த தரவை வெச்சுத்தான் போட்டாங்க. எடைன்னா என்னன்னு கேட்டீங்கன்னா, துணி விலை நூத்துக்குப் பத்து ஏறுனா மொத்த விலைவாசி எத்தனை நகரும்ங்கறது. 6.53 எடைன்னா நூத்துக்கு 0.65 நகரும், அவ்ளோதான்.

எல்லையில இருக்கற எங்களுக்கு இன்னொரு கூத்து. கேரளாவுல வீடு, தமிழ்நாட்டுல கடை. கோபாலபுரம் தாண்டுனா தமிழ்நாடு, பொள்ளாச்சியில வியாழக்கெழமை சந்தை, பெரிய கடைக்குக் கோயமுத்தூர். எங்க வீட்டு 18,000-ல பாதிக்கு மேல அந்தப் பக்கம் போயிருக்குது. இது யாரோட கணக்குல ஏறும்? வீட்டுச் சர்வேல நீங்க குடியிருக்கற எடத்துலதான் ஏறும், அதனால கேரளாக் கிராமத்துக் கணக்கு. ஆனா கடை வியாபாரம், கடைக்காரங்க கட்டற ஜிஎஸ்டின்னு பாத்தா பொள்ளாச்சிப் பில்லு தமிழ்நாட்டுப் பக்கம். 2023-24-ல ஆளுக்கு மாசச் செலவு கேரளாக் கிராமத்துல 6,611, தமிழ்நாட்டுக் கிராமத்துல 5,701. டவுனுன்னு பாத்தா தலைகீழ், தமிழ்நாடு 8,165, கேரளா 7,834. கேரளாவுல கிராமத்துக்கும் டவுனுக்கும் வித்தியாசம் கம்மிங்கறது பஸ்ஸுல போனாலே தெரியும், வீடு எங்க முடிஞ்சு டவுன் எங்க தொடங்குதுன்னே தெரியாது. நாட்டுச் சராசரியான 6.63-ஐ சும்மா ஒரு அடையாளத்துக்கு கேரளாக் கிராமத்து 6,611 மேல வெச்சுப் பாத்தா நாலு பேரு வீட்டுக்கு வருஷம் 21,000 வருது. எங்க 18,000 அதுக்குக் கொஞ்சம் கீழ, வீட்டுலயே தையக்காரி இருக்கறதால போலிருக்குது.

ஓசியில வர்ற துணியும் இருக்குது. கேரளாவுல 2017-ல இருந்து அரசுப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் கைத்தறி யூனிஃபார்ம் துணி குடுக்கறாங்க. தமிழ்நாட்டுல 1983-ல எம்ஜிஆர் ஆரம்பிச்ச பொங்கல் வேட்டி சேலை இன்னும் நடக்குது, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கற எங்க மாமா வீட்டுக்கு அது வரும், எங்களுக்கு இல்ல. காசு குடுக்காம வந்த துணி செலவுக் கணக்குல வராது, ஆனா உடம்புல இருக்குது. அதனால இப்பத்தி சர்வேல இலவச யூனிஃபார்ம், ஷூ மாதிரி சிலதுக்கு விலை போட்டும் ஒரு கணக்குக் காட்டறாங்க, அதையும் சேத்தா 4,122-ங்கறது 4,247 ஆகுது. துணி மட்டும் இல்ல, அரிசி, சைக்கிள், லேப்டாப்பு எல்லாம் சேந்த வித்தியாசம் அது.

சலவையில இதைவிடப் பெரிய ஒளிவு இருந்துச்சு. எங்க அமுச்சி, அதாவது அம்மாவோட அம்மா காலத்துல ஊருக்குத் துணி வெளுத்துக் குடுத்தவங்களுக்குக் காசு கிடையாது, அறுப்பு முடிஞ்சதும் களத்துல நெல்லு அளப்பாங்க, விசேஷத்துக்குச் சோறு, பழைய துணி. அது கூலியாக்கூட யாரும் நெனைக்கல, அளந்தது கம்மியா இருந்தாலும் கேக்க முடியாது, அந்த உழைப்பு எந்த நோட்டுலயும் ஏறல. அப்புறம் அவங்க புள்ளைங்க வேற வேலைக்குப் போனாங்க, போனது நல்லதுதான். இப்ப வீட்டுல வாஷிங் மிஷின், அது பெரிய சாமான் கணக்கு, தண்ணி கரண்டு வேற கணக்கு, இஸ்திரி மட்டும் கடையில உருப்படிக்கு இவ்ளோன்னு. ஒரே வேலை, மூணு தலைப்புக்குப் பிரிஞ்சு போச்சு. சலவைச் செலவு கொறைஞ்சுட்டு வருதுன்னு ஒரு வரி பாத்தீங்கன்னா, அது கொறைஞ்சதா எடம் மாறுனதான்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

வரியைப் பத்தி ஒரே ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 21 வரைக்கும் 1,000 ரூபாய்க்குள்ள இருக்கற ரெடிமேடு துணிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு மேல 12. 22-ல இருந்து 2,500 வரைக்கும் 5, அதுக்கு மேல 18. 1,500 ரூபாய் சுடிதாருக்கு வரி கொறைஞ்சுது, 4,000 ரூபாய் ரெடிமேடு கல்யாணத் துணிக்கு ஏறுச்சு. அடுத்த வருஷத்துத் துணிச் செலவைப் பாக்கறப்ப இந்தக் கோடும் நடுவுல கெடக்குதுன்னு ஞாபகம் வெச்சுக்கங்க.

சொந்த வீட்டுக்குக் கணக்குப் போடணும்னா நான் பண்றதைச் சொல்றேன். ஓணத்துல இருந்து ஓணம் வரைக்கும் ஒரு வருஷம்னு வெச்சுக்கறேன், ஜனவரி கணக்கெல்லாம் வேண்டாம், தீவாளி ஒரு தடவை அக்டோபர்ல ஒரு தடவை நவம்பர்ல வரும், வருஷத்தை நடுவுல வெட்டாம இருந்தாப் போதும். நோட்டுல மூணு கோடு, துணி, செருப்பு, கூலி. கூலியில தையலு, ஓவர்லாக்கு, சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கறது, பேண்ட்டு நீளம் கொறைக்கறது, இஸ்திரி, சாயம், ஜிப்பு மாத்தறது எல்லாம். ரூபாய்க்குப் பக்கத்துல எத்தனை உருப்படின்னு ஒரு எண்ணு, அதை எழுதலேன்னா எல்லாம் வீணு. மத்தவங்களுக்கு எடுத்துக் குடுத்ததைத் தனியா எழுதறேன், நமக்கு வந்ததையும் தனியா, எப்படி எழுதறோம்ங்கறது முக்கியமில்ல, வருஷாவருஷம் ஒரே மாதிரி எழுதணும். போன வருஷம் எங்க கூலிக் கோட்டுல அம்மாவோட சொந்தத் தையலுக்கும் கடை ரேட்டு போட்டுப் பாத்தேன், சும்மாதான், 6,200 வந்துச்சு. அம்மாகிட்டக் காட்டுனேன். கண்ணாடியைத் தள்ளிப் போட்டுட்டு ஒரு தடவை பாத்தாங்க, "இதை உங்க சித்திகிட்டக் காட்டு"ன்னு சொல்லிட்டு ஊசியில நூல் கோக்கக் குனிஞ்சுட்டாங்க.